மெஷின் விலை 24 ஆயிரம். ஒரு வருடச் செலவு 57 ஆயிரம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லோருக்கும் ஆறு மாதத்தில் ஒரு கேள்வி வந்துவிடும். "அடுத்து என்ன வாங்கலாம்?" என்பதே அது. முதலில் ஒரு பிரிண்டர். பிறகு நல்ல கேமரா. பாட்டில் ஆர்வம் இருந்தால் மைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும். கையால் எதையாவது செய்து பார்க்கும் ஆசை இருந்தால் 3டி பிரிண்டர், லேசர் கட்டர், சின்ன சிஎன்சி ரவுட்டர் என்று பட்டியல் நீளும். இவை எல்லாமே இன்று வீட்டு மேஜை மேல் வைக்கும் அளவில், யுஎஸ்பி வயர் அல்லது வை-ஃபை மூலம் நம் கம்ப்யூட்டருடன் இணையும் விதத்தில் கிடைக்கின்றன.

இவற்றை வாங்காதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நானே வாங்கியவன்தான். ஆனால் கடைக்காரர் தரும் பில்லில் இருப்பது முதல் தவணை மட்டும்தான் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன்.

எப்படி ஆரம்பித்தது?

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஊர் கோவை. அப்பா முப்பது வருடம் லேத் பட்டறை நடத்தியவர். மெஷின் ஆசை ரத்தத்திலேயே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022-ல் ஒரு 3டி பிரிண்டர் வாங்கினேன். விலை 24,000 ரூபாய். "வட்டியில்லாத் தவணை" என்று போட்டிருந்ததால் ஆறு மாத இஎம்ஐ-யில் எடுத்தேன்.

3டி பிரிண்டரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பிளாஸ்டிக் இழையை உருக்கி, மெல்லிய முனை வழியே அடுக்கடுக்காக ஊற்றி, ஒரு பொருளை உருவாக்கும் மெஷின் இது. இந்த முறைக்கான அடிப்படைக் காப்புரிமை 1992-ல் அமெரிக்காவின் ஸ்ட்ராட்டசிஸ் நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது. 2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் என்பவர் 'ரெப்ராப்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். தனக்கு வேண்டிய பாகங்களில் பலவற்றைத் தானே அச்சடித்துக்கொள்ளும் மெஷின், அதன் வரைபடமும் எல்லோருக்கும் இலவசம் என்பது அவர் யோசனை. 2009-ல் அந்தக் காப்புரிமை காலாவதியானது. அதன் பிறகு விலை மளமளவென்று இறங்கி, லட்சங்களில் இருந்த மெஷின் நம் கைக்கு எட்டும் விலைக்கு வந்தது.

விலை இறங்கியது மெஷினுக்கு. மெஷினைச் சுற்றியுள்ளவற்றுக்கு அல்ல.

பில்லில் இல்லாத செலவுகள்

முதல் வருடத்தில் நான் செலவழித்ததை நினைவில் இருந்து எழுதவில்லை. வங்கி ஸ்டேட்மென்ட்டை எக்செல்லில் போட்டுக் கூட்டிப் பார்த்த கணக்கு இது.

பிளாஸ்டிக் இழை, 9 சுருள்: 9,000 ரூபாய்
நாசில், டியூப், மேல் தகடு, ஃபேன் போன்ற தேய்மானப் பாகங்கள்: 3,400
இழையைக் காயவைக்கும் பெட்டி, காற்றுப் புகாத டப்பாக்கள், சிலிக்கா ஜெல்: 4,600
தனி யுபிஎஸ்: 6,500
மேஜை, அலமாரி: 3,200
டிஜிட்டல் காலிப்பர், கட்டர், பசை, மெமரி கார்டு போன்றவை: 2,300
எரிந்துபோன மதர்போர்டுக்கு மாற்று, கூரியருடன்: 3,800
இஎம்ஐ கட்டணங்கள்: 400

மொத்தம் 33,200. மெஷினின் விலையையும் சேர்த்தால் 57,200 ரூபாய். கரண்ட் பில் இதில் சேரவில்லை. வாங்கும்போது நான் மனதில் வைத்திருந்த பட்ஜெட், "மெஷின் 24, இழைக்கு ஒரு மூன்று, ஆக 27 ஆயிரம்".

ஒவ்வொன்றும் ஏன் வந்தது என்று பார்த்தால்தான் உங்களுக்குப் பயன்படும்.

1. தீரும் பொருள்கள். இழை கிலோக் கணக்கில் வரும். 1.75 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிஎல்ஏ இழை ஒரு கிலோ என்றால் நீளம் ஏறத்தாழ 330 மீட்டர். இவ்வளவா என்று தோன்றும். ஆனால் ஒரு நிறம் போதாது. கறுப்பு வாங்கினால் வெள்ளை வேண்டும், வெள்ளை வாங்கினால் சிவப்பு வேண்டும். பிஎல்ஏ வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் வளைந்துவிடும். ஏறக்குறைய 60 டிகிரியிலேயே அது இளகிவிடுகிறது. அதனால் பெட்ஜி என்ற இன்னொரு வகை வேண்டும். நான் வாங்கிய ஒன்பது கிலோவில் அந்த வருடம் தீர்ந்தது ஆறரைக் கிலோ. மீதி இரண்டரைக் கிலோ, யாருக்கும் வேண்டாத நிறங்களில் டப்பாவில் உட்கார்ந்திருந்தது.

2. தேயும் பாகங்கள். பித்தளை நாசிலின் துளை 0.4 மில்லிமீட்டர்தான். இருட்டில் ஒளிரும் இழை, கார்பன் ஃபைபர் கலந்த இழை போன்றவற்றை ஓட்டினால் அவை உப்புத்தாள் போல அந்தத் துளையைத் தேய்த்துவிடும். எனக்கு இது தெரியாது. ஒளிரும் இழையில் குட்டிப் பிள்ளையார் செய்து ஊரெல்லாம் கொடுத்தேன். பிறகு எதை அச்சடித்தாலும் சொதப்பியது.

3. நம் ஊர்க் காற்று. இழை காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் ஒரு வாரம் வெளியில் வைத்த சுருளை ஓட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் 'பட் பட்' என்று வெடிக்கும். பொருளின் மேல் நூல் நூலாகத் தொங்கும். கோவையிலேயே இப்படி என்றால் கடற்கரை ஊர்க்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பிஎல்ஏ என்றால் 45-50 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்த பிறகே ஓட்ட வேண்டும். அதற்குத்தான் அந்தப் பெட்டி.

4. நம் ஊர்க் கரண்ட். கம்ப்யூட்டருக்கு நீங்கள் வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட் வரைதான் தாங்கும். என் மெஷினின் தட்டு சூடாகும்போது மட்டுமே 300 வாட்டைத் தாண்டும். கம்ப்யூட்டரையும் அதையும் ஒரே யுபிஎஸ்ஸில் போட்டால் இரண்டும் சேர்ந்து அணையும். எனவே தனி யுபிஎஸ். அதை வாங்குவதற்குள் ஒரு வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் மதர்போர்டு போய்விட்டது. ஆக, அந்த இடத்தில் இரண்டு செலவு.

5. "வட்டியில்லாத்" தவணை. வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. இப்போது நடப்பது என்னவென்றால், வட்டித் தொகைக்குச் சமமான தள்ளுபடியைப் பொருளின் விலையில் கழித்துக் கொடுத்துவிட்டு, வங்கி வழக்கம்போல் வட்டி போடுகிறது. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதைத் தவிர பிராசசிங் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி. 400 ரூபாய் பெரிய தொகை அல்லதான். ஆனால் கையில் பணம் சேரும் வரை மூன்று மாதம் காத்திருந்தால் அந்த மூன்று மாதத்தில் நான் கொஞ்சம் விசாரித்திருப்பேன். இஎம்ஐ-யின் உண்மையான செலவு அதுதான். யோசிக்கும் நேரத்தை அது நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

6. சாஃப்ட்வேர். இதில் ஒரு நல்ல செய்தி. மாடலை அடுக்குகளாக வெட்டித் தரும் க்யூரா, ப்ரூசா ஸ்லைசர் ஆகியவை இலவசம். வரைவதற்கு ஃப்ரீகேட், டிங்கர்கேட், பிளெண்டர் ஆகியவையும் இலவசம். ஆனால் இன்று இலவசமாகத் தருவதை நாளைக்கும் அப்படியே தருவார்கள் என்று நம்ப வேண்டாம். ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2020 அக்டோபரில் தன் ஃப்யூஷன் 360-ன் இலவசப் பதிப்பில், திருத்தக்கூடிய நிலையில் ஒரே சமயத்தில் 10 ஃபைல்கள் மட்டுமே இருக்கலாம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒரு சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்ளச் செலவழித்த நேரமும் முதலீடுதான். அந்த முதலீடு யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் பில்லைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அதுதான் மிகச் சிறிய செலவு. என் மெஷின் சராசரியாக 120 வாட் எடுத்தது. வருடத்தில் 520 மணி நேரம் ஓடியது. மொத்தம் 62 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் 500 ரூபாய்தான். நாம் பயப்படுவது ஒரு செலவுக்கு. பையைக் காலி செய்வது வேறு செலவு.

சித்தப்பா வீட்டுக் கல்யாணம்

ஐந்தாவது மாதத்திலேயே செலவு எல்லை மீறுவது எனக்குப் புரிந்தது. புரிந்ததும் நான் செய்த தவறுதான் பெரியது. "இதை வைத்துச் சம்பாதித்தால் போட்ட பணத்தை எடுத்துவிடலாமே" என்று நினைத்தேன்.

2023-ல் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். தாம்பூலப் பையில் போட மணமக்கள் பெயர் பொறித்த கீ செயின் 100 வேண்டும் என்றார் சித்தப்பா. ஒன்று 40 ரூபாய் என்று சொல்லிவிட்டேன். இழை 10 கிராம், அதாவது 10 ரூபாய். மீதி 30 ரூபாய் லாபம் என்பது என் கணக்கு.

ஒரு முறைக்குப் பத்து என்று தட்டில் அடுக்கினால் ஏழரை மணி நேரம். பத்து முறை ஓட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஐந்து நாள் என்று திட்டம் போட்டேன். இரண்டாம் நாள் இரவு கரண்ட் போனது. அப்போது தனி யுபிஎஸ் இல்லை. "கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்" என்று பெட்டியில் போட்டிருந்தது உண்மைதான். தொடரவும் செய்தது. ஆனால் அதற்குள் தட்டு ஆறிப்போய்ப் பொருள்கள் ஒட்டு விட்டிருந்தன. காலையில் எழுந்து பார்த்தால் நாசிலைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பந்து.

அதன் பிறகு இரவில் அருகிலேயே பாய் போட்டுப் படுத்தேன். சூடான மெஷினை ஆள் இல்லாமல் ஓட விடுவது எப்படியும் நல்லதல்ல. வெப்பநிலை கட்டுமீறினால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு ஏற்பாடு, சில மலிவு மெஷின்களில் செயல்படாத நிலையிலேயே விற்கப்பட்டிருக்கிறது என்பதை நான் படித்திருந்தேன். பகலில் ஆபீஸ், இரவில் மெஷின் என்று நான்கு இரவுகள்.

கடைசிப் பத்து முடியும்போது கல்யாண நாள் காலை மணி ஏழு. மண்டபத்திற்குப் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்திருந்தது. என் கையில் 88 கீ செயின்கள். பன்னிரண்டு கழிந்துபோயின. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. "வந்துட்டியாண்ணா, சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டாள். அந்த ஆல்பத்தில் தாலி கட்டும் படங்களில் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், நான் ஒருவன் தவிர. இந்தச் செலவை எக்செல்லில் எந்தக் காலத்தில் எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அப்பா கேட்ட கேள்வி

கல்யாணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏங்கண்ணு, இதுக்கு அவர் ரேட் என்ன போட்டிருக்கே?"

"அதெல்லாம் ஒண்ணும் போடலைங்கப்பா."

"அப்புறம் எப்படி ஒரு பீஸுக்கு நாப்பதுன்னு சொன்னே?"

என்னிடம் பதில் இல்லை.

கோவையில் ஜாப் ஒர்க் செய்யும் எந்தப் பட்டறையிலும் கேட்டுப் பாருங்கள். லேத்துக்கு மணிக்கு இவ்வளவு, மில்லிங்குக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். மெஷின் ஒரு மணி நேரம் ஓட உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பதே அந்த ரேட். இன்ஜினியரிங் கல்லூரியில் எனக்கும் இதைப் பாடமாக நடத்தினார்கள். பரீட்சை எழுதி மறந்துவிட்டேன். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். ஒரு பழைய டைரியை எடுத்து என் எதிரில் கணக்குப் போட்டார்.

மெஷின் 24,000. கூடவே நிற்கும் யுபிஎஸ், காயவைக்கும் பெட்டி, மேஜை, டூல்ஸ் எல்லாம் 16,600. மொத்தம் 40,600. இதெல்லாம் மூன்று வருடம் உழைக்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 13,533. தேய்மானப் பாகங்களும் ரிப்பேரும் 7,200. இஎம்ஐ 400. கரண்ட் 500. ஆக வருடத்துக்கு 21,633 ரூபாய். (ஐந்து மாதக் கணக்கை வைத்து அப்பா அன்று போட்டது தோராயம். வருடம் முடிந்த பிறகு சரியான எண்களைப் போட்டு நான் திருத்தி எழுதியதை இங்கே தருகிறேன்.)

இதை 520 மணியால் வகுக்கப் போனேன். "நில்லு கண்ணு. வீணாப்போன நேரத்துக்கு எவன் காசு கொடுப்பான்? நல்ல பீஸ் வந்த நேரத்தை மட்டும் எடு" என்றார். பாதியில் கழன்றது, அடைத்துக்கொண்டது, சோதனை ஓட்டம் என்று 150 மணி நேரம் போயிருந்தது. மீதி 370. வகுத்தால் மணிக்கு 58 ரூபாய். தீர்ந்த இழைக்கு மணிக்கு 18 ரூபாய். ஆக என் மெஷினின் அவர் ரேட் 76 ரூபாய்.

இப்போது கீ செயினைப் பாருங்கள். 75 மணி நேர வேலை. அசல் 5,700 ரூபாய். 88 பீஸுக்குக் கிடைத்திருக்க வேண்டியது 3,520. நான்கு இரவு கண்விழித்து, முகூர்த்தத்தையும் விட்டு, இரண்டாயிரத்துக்கு மேல் நஷ்டப்பட்டிருக்கிறேன். சித்தப்பாவிடம் காசும் வாங்கவில்லை, அது வேறு விஷயம்.

மூன்று மணி நேரம் எடுக்கும் ஒரு செல்போன் ஸ்டாண்டுக்கு அசல் 228 ரூபாய். நடைபாதைக் கடையில் அது அறுபது, எழுபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. "நாமே செய்தால் மிச்சம்" என்று இனி நான் சொல்ல முடியாது.

என் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை என்பதையும் கவனியுங்கள். வரைவது, தட்டைச் சமன்செய்வது, அடைப்பு எடுப்பது, அதற்கு வீடியோ பார்ப்பது என்று வருடத்தில் 200 மணி நேரம் போயிருக்கும். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் 25 நாள்.

சும்மா நிற்கும் மெஷின்

அப்பா ஒரு காலத்தில் செகண்ட்ஹேண்ட் மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். அதற்கான ஆர்டர் வரவில்லை. இரண்டு வருடம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. "ஓடற மெஷினுக்கு எண்ணெய்ச் செலவு. நிக்கற மெஷினுக்கு வட்டிச் செலவு" என்பார்.

வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை நிற்கும் மெஷின்கள்தான். என் கணக்கில் 370 மணி நேரம் ஓடியதால் 76 ரூபாய். வருடத்தில் 100 மணி நேரம் மட்டுமே ஓடியிருந்தால், ஒரு ரிப்பேரும் வரவில்லை என்றாலும் ரேட் 150 ரூபாயைத் தாண்டியிருக்கும். நான் விசாரித்த ஒரு கடையில் 3டி பிரிண்ட் எடுத்துத் தரக் கிராமுக்கு 6 ரூபாய் கேட்டார்கள். நாற்பது கிராம் ஸ்டாண்டுக்கு 240 ரூபாய். கொள்ளை விலை என்று முன்பு நினைத்திருப்பேன். என் அசலும் அதே அளவுதான் என்று இப்போது தெரிகிறது. வாரத்துக்கு ஏழு மணி நேரமாவது மெஷினை ஓட்டாதவருக்குக் கடைதான் லாபம்.

உங்கள் பிரிண்டருக்கும் இதே கணக்குதான்

"எனக்கு 3டி பிரிண்டர் வேண்டாம், சாதாரணப் பிரிண்டர் போதும்" என்கிறீர்களா? கதை மாறவில்லை.

மலிவு இங்க்ஜெட் பிரிண்டரில் கம்பெனிக்கு லாபம் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜில்தான். பல மாடல்களில் புது பிரிண்டருடன் வரும் கார்ட்ரிட்ஜில் மை குறைவாகவே இருக்கும். மாதத்துக்கு ஒரு முறை மட்டும் அச்சடித்தால் ஹெட்டில் மை காய்ந்து அடைக்கும். அதைச் சுத்தம் செய்ய 'ஹெட் கிளீனிங்' கொடுத்தால் அதற்கும் மைதான் செலவாகும். அதாவது, அச்சடிக்காமல் வைத்திருந்தாலும் மை தீரும். பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை குறிப்பிட்ட சோதனைப் பக்கங்களை அச்சடித்துப் பார்த்த கணக்கு. முழுப் பக்கப் போட்டோ எடுத்தால் அது கிடைக்காது. மாதம் பத்துப் பக்கம்தான் தேவை என்றால் தெருமுனை ஜெராக்ஸ் கடையே போதும். பிள்ளைகளின் பிராஜெக்ட் என்று வாரா வாரம் அச்சடிப்பவர்கள் இங்க் டேங்க் மாடலைப் பார்க்கலாம். அதில் பிரிண்டர் விலை அதிகம், பக்கத்துக்கு ஆகும் செலவு குறைவு. மூன்று வருடக் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

கேமராவும் அப்படியே. நல்ல கேமராவில் 'ரா' ஃபைல் ஒன்று 25 எம்பி அளவுக்கு இருக்கலாம். ஒரு டூரில் ஆயிரம் படம் எடுத்தால் 25 ஜிபி. அதை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும் என்றால் இரண்டு ஹார்ட் டிஸ்க். நம் ஊர் ஈரத்தில் பீரோவுக்குள் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அதற்கு ஈரம் போக்கும் பெட்டி. லென்ஸ் ஆசையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

லேசர் கட்டர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதற்குக் கண்ணாடியும் புகை வெளியேற்றும் ஏற்பாடும் கட்டாயச் செலவுகள். பிவிசி ஷீட்டை அதில் வெட்டவே கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் அரிக்கும், மெஷினையும் அரிக்கும். 3டி பிரிண்டரும் காற்றோட்டமான இடத்தில்தான் இருக்க வேண்டும். 2013-ல் இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது மிக நுண்ணிய துகள்கள் அதிலிருந்து வருவது தெரிந்தது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் பிஎல்ஏ-வைப் போலப் பத்து மடங்கு அளவுக்கு வந்தது. குழந்தைகள் தூங்கும் அறையில் வைக்க வேண்டாம். வேறு அறை இல்லை என்றால், அதுவும் ஒரு செலவு என்று கணக்கில் எழுதுங்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. மெஷினின் விலையைப் போல இன்னொரு மடங்கு பணம் கையில் இருக்கிறதா? இல்லை என்றால் பாதி விலை மெஷினைப் பாருங்கள், அல்லது காத்திருங்கள்.

2. மாதம் எத்தனை மணி நேரம் ஓட்டுவேன்? நினைப்பதில் பாதியைப் போட்டுக் கணக்கிடுங்கள்.

3. அதன் உதிரிப் பாகங்கள் எந்தக் கடையிலும் கிடைக்குமா, அந்தக் கம்பெனியிடம் மட்டும்தானா? இப்போது வரும் புது 3டி பிரிண்டர்கள் தட்டைத் தாங்களே சமன்செய்துகொள்கின்றன, வேகமும் அதிகம், வீணாவதும் குறைவு. ஆனால் அவற்றில் பல பாகங்கள் அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்துபவை.

4. வாங்காமலே கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா? மத்திய அரசின் அடல் புதுமை இயக்கம் 2016 முதல் பள்ளிகளில் 'அடல் டிங்கரிங் லேப்' அமைக்க நிதி தருகிறது. 10,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் அமைத்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் இருக்கிறதா என்று கேளுங்கள். பொதுப் பட்டறை என்பது நமக்குப் புதிதும் அல்ல. புனே அருகே பாபல் கிராமத்தில் உள்ள விஞ்ஞான் ஆசிரமத்தில் 2002-லேயே எம்ஐடி-யின் துணையோடு 'ஃபேப் லேப்' தொடங்கப்பட்டது.

5. இது பொழுதுபோக்கா, தொழிலா? இரண்டுக்கும் ஒரே நோட்டில் கணக்கு எழுதக் கூடாது. பொழுதுபோக்கு என்றால் சினிமாவுக்குச் செலவழிப்பது போல, போனது போனதுதான் என்று மாதம் ஒரு தொகை ஒதுக்குங்கள். தொழில் என்றால் அவர் ரேட் போடாமல் ஒரு பீஸுக்கும் விலை சொல்லாதீர்கள்.

மெஷினை விற்றுவிட்டேனா?

இல்லை. எங்கள் வீட்டு வெட் கிரைண்டர் இருபது வருடம் பழையது. அதன் வெளிப்புற ஸ்விட்ச் குமிழ் உடைந்துபோனது. தயாரித்த கம்பெனியே இப்போது இல்லை. உக்கடம் பழைய சாமான் கடை வரை அலைந்தும் கிடைக்கவில்லை. காலிப்பரில் அளந்து, ஃப்ரீகேட்டில் வரைந்து, பெட்ஜியில் அச்சடித்தேன். மூன்றாவது முறையில் கச்சிதமாக உட்கார்ந்தது. என் அவர் ரேட்படி அந்தக் குமிழின் அசல் சுமார் 150 ரூபாய். அம்மா புது கிரைண்டர் வாங்காமல் மிச்சமானது பல ஆயிரம். கடையில் கிடைப்பதைச் செய்ய இந்த மெஷின் நஷ்டம்; கடையில் கிடைக்காததைச் செய்ய லாபம். இந்த வித்தியாசம் புரிய எனக்கு 57 ஆயிரம் ஆனது.

இப்போது மாதம் 700 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அதற்கு மேல் இழை வாங்குவதில்லை. பழைய நிறங்களைத்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். உறவினர் யார் கேட்டாலும் ஆர்டர் எடுப்பதில்லை. பிடித்திருந்தால் ஒன்று செய்து சும்மா கொடுத்துவிடுகிறேன். மெஷின் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் 76 என்று மட்டும் எழுதியிருக்கும். போன மாதம் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷத்துக்கு மாத்தி எழுது, கண்ணு" என்றார். எழுத வேண்டும்.